மாதவிலக்கின்போது இருமுறை வலது நுரையீரலில் காற்றுக்கசிவு: எண்டோமெட்ரியோசிஸாக இருக்குமா?

கேள்வி (மல்லிகைக்கொடி):
வணக்கம். என் தங்கைக்கு 34 வயது. சென்ற டிசம்பரிலும் இந்த ஏப்ரலிலும் வலது நுரையீரலைச் சுற்றிக் காற்று சேர்ந்து மூச்சுத் திணறியதால், இருமுறையும் விலாவிடுக்கில் குழாய் போட்டார்கள். காசநோய் இல்லை என்று பரிசோதனையில் தெரிந்துவிட்டது. மாதவிலக்குத் தொடங்கும் தேதியை நாள்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிடுவது அவள் வழக்கம். டிஸ்சார்ஜ் சீட்டுகளை அதனருகே வைத்துப் பார்த்தால், இருமுறையும் வட்டமிட்ட தேதிக்கு மறுநாளே மருத்துவமனையில் சேர்த்திருக்கிறோம். தற்செயல் என்றார் மருத்துவர். வயிற்று ஸ்கேனிலும் கருப்பையில் குறையொன்றும் இல்லை.

மறுமொழி (நெஞ்சக மருத்துவர்):
தற்செயல் என்று ஒதுக்காதீர்கள். மாதவிலக்கை ஒட்டிய காற்றுக்கசிவு 1958ஆம் ஆண்டிலேயே மருத்துவ இதழில் பதிவாகியுள்ளது. பெரும்பாலும் வலப்பக்கத்தில், மாதவிலக்குத் தொடங்கி 72 மணி நேரத்துக்குள் வரும். எண்டோமெட்ரியோசிஸ் என்பது கருப்பையின் உட்படலத்தை ஒத்த திசு கருப்பைக்கு வெளியே வளரும் நோய். அத்திசு வயிற்றறை நீரோட்டத்தோடு வலப்புற உதரவிதானத்தை (நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசை) அடைந்து, அங்கே காற்று நெஞ்சறைக்குள் புக வழிவிடும் சிறு துளைகளை உண்டாக்குகிறது என்பது பரவலாக ஏற்கப்படும் விளக்கம். இத்திசுவின் கடுகளவுப் புள்ளிகள் ஸ்கேனில் சிக்காமல் போகலாம். கருப்பை ஸ்கேன் சரியாக இருப்பது நெஞ்சறை நோயை மறுக்காது. இந்நோயில் கூடக்கூடிய ஒரு புரதத்தை அளக்கும் சி.ஏ. 125 ரத்தப் பரிசோதனையையும் நம்பி முடிவெடுக்க இயலாது. நெஞ்சறைக்குள் கேமரா செலுத்தி, நுரையீரலோடு நிறுத்தாமல் உதரவிதானத்தையும் பார்த்துத் திசு எடுக்க வேண்டும். அதற்கு மாதவிலக்கை ஒட்டி நாள் குறித்தால் புள்ளிகள் புலப்படும் வாய்ப்பு அதிகம். மாதவிலக்குத் தேதியைக் கேட்கும் பழக்கமே எங்கள் பிரிவில் அரிது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

மறுமொழி (வைகைக்கரை):
எனக்குச் சிசேரியன் தழும்பின் ஓரத்தில் சுண்டைக்காய் அளவில் ஒரு கட்டி இருந்தது. தையல் நூல் முடிச்சு என்றார்கள், பிறகு குடலிறக்கம் என்றார்கள். மாதவிலக்கின்போது மட்டும் அது வீங்கிக் கன்றிப்போகும் என்று நான் சொன்னதை நான்கு ஆண்டுகளாக எவரும் சீட்டில் எழுதவில்லை. வெட்டியெடுத்துப் பயாப்ஸிக்கு அனுப்பிய பிறகே எண்டோமெட்ரியோசிஸ் என்று உறுதியானது. ஆகவே தேதிகளை வாயால் சொல்லாமல், எழுதிக் கையில் கொடுங்கள்.

மல்லிகைக்கொடி:
இருவருக்கும் நன்றி. அறுவை செய்தால் முற்றிலும் தீருமா? அவளுக்கு இன்னும் குழந்தை இல்லை.

நெஞ்சக மருத்துவர்:
மீண்டும் வரக்கூடும் என்பதால், துளைகளை அடைத்த பிறகு பெரும்பாலும் ஹார்மோன் சிகிச்சையும் தருவார்கள். அதை எடுத்துக்கொள்ளும் காலத்தில் பொதுவாகக் கருத்தரிக்க இயலாது. எனவே மகப்பேறு மருத்துவரையும் முதலிலேயே சேர்த்துக்கொண்டு திட்டமிடுங்கள். இடையில் திடீரென மூச்சு முட்டினால், தேதி எதுவானாலும், உடனே அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.