பின்-பாபா கணவாய் பக்கத்தில் தடமில்லாத வழி: போகலாமா? அவசரம்

பாம்பன்காற்று:
எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் நாலு பேர், முதுகுப்பையோடு இமாசலத்தில் பின்-பாபா கணவாய் தாண்டப் போகிறோம். வழக்கமான வழியில் கூட்டம் அதிகம் என்கிறார்கள். செயற்கைக்கோள் படத்தில் பார்த்தால் கணவாய்க்குப் பக்கத்திலேயே முகட்டில் இன்னொரு தாழ்வான இடம் தெரிகிறது. அதில் ஏறினால் நேராக அந்தப் பக்கம் இறங்கிவிடலாம் போலிருக்கிறது. போக முடியுமா? சீக்கிரம் சொல்லுங்கள், ராத்திரிக்குள் டிக்கெட் போட வேண்டும்.

உச்சிப்புளியான்:
தம்பி, எந்த மாதம்? பாபா பள்ளத்தாக்கின் காஃப்னு ஊரில் ஏறி, பின் பள்ளத்தாக்கின் மூத் ஊரில் இறங்குகிறீர்களா, இல்லை மூத்திலிருந்து காஃப்னுவுக்கா? கைடு உண்டா? நாலு பேரில் யாராவது பனியில் நடந்ததுண்டா? இதெல்லாம் தெரியாமல் என்ன சொல்வது?

மலைத்தடம்:
இங்கே பழைய இழைகளைப் படித்துவிட்டுக் கேட்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. படத்தைப் பார்த்துக் கணவாய் தேடுகிறவர்கள் முதலில் கான்டூர், அதாவது வரைபடத்தில் ஒரே உயரத்தைக் காட்டும் கோடுகளை, வாசிக்கப் பழக வேண்டும். 1:50,000 வரைபடத்தில் 1 மி.மீ. என்பது தரையில் 50 மீட்டர். கோட்டுக்குக் கோடு 40 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொண்டு, இரண்டு கோடுகள் 1 மி.மீ. தள்ளி இருந்தால் 50 மீட்டர் போவதற்குள் 40 மீட்டர் ஏறுகிறீர்கள். கிட்டத்தட்ட 39 டிகிரி. பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரிச் சாய்வில்தான் புறப்படுகின்றன. இது பள்ளிக்கூடக் கணக்கு. இதைப் போடாமல் டிக்கெட் போட என்ன அவசரம்?

தேவிபட்டினம்_டீச்சர்:
கணக்கு சரி ஐயா. தெரியாமல்தானே அந்தப் பிள்ளை கேட்கிறது, கொஞ்சம் பதமாகச் சொல்லலாம். தம்பிக்கு இன்னொன்று: கான்டூரில் தெரிவது முழுப்படம் இல்லை. இரண்டு 40 மீட்டர் கோடுகளுக்கு நடுவே 30 மீட்டர் செங்குத்துப் பாறை இருந்தாலும் வரைபடம் காட்டாது. இலவசமாகக் கிடைக்கும் உயரத் தரவுகளும் 30 மீட்டர் கட்டங்களாகத்தான் இருக்கின்றன. திரையில் சாதுவான சரிவாகத் தெரிவது நேரில் மூன்று மாடிச் சுவராக நிற்கலாம்.

கீழக்கரை_காக்கா:
வழியை அப்புறம் பார்க்கலாம், முதலில் மூச்சைப் பாருங்கள். எங்கள் பக்கம் சங்கு குளிக்கிறவர்கள் தம் பிடித்துக் கடலடிக்குப் போய் வருகிறார்கள். அவர்களோடு கொஞ்ச நாள் முங்கிப் பழகினால் எந்த மலையும் ஒன்றும் செய்யாது.

மண்டபம்_மருந்துக்கடை:
காக்கா, மன்னிக்கணும், இது வேறு விஷயம். தம் பிடிக்கப் பழகினால் மூச்சு விடத் தோன்றும் தவிப்பைப் பொறுக்க உடம்பு கற்றுக்கொள்ளும், அவ்வளவுதான். மலை மேலே சதவீதத்தில் ஆக்சிஜன் குறைவதில்லை, காற்றின் அழுத்தம்தான் குறைகிறது. 5,000 மீட்டரில் நம் ஊர்க் கடற்கரையில் இருப்பதில் பாதியை விடக் கொஞ்சம்தான் கூடுதல். அதற்கு உடம்பு பழக நாட்கள் ஆகும். நல்ல தெம்பான ஆளுக்கும் தலைவலி, வாந்தி வரும். ஓட்டக்காரன், நீச்சல்காரன் என்று பார்க்காது.

கீழக்கரை_காக்கா:
தலைமுறை தலைமுறையாகக் குளிக்கிறவனுக்கு நுரையீரல் பலம் இல்லை என்கிறீர்களா?

மண்டபம்_மருந்துக்கடை:
அப்படிச் சொல்லவே இல்லை. அந்தப் பலம் கடலுக்கு. மலைக்கு வேண்டியது நிதானம். 3,000 மீட்டருக்கு மேலே, ஒரு ராத்திரிக்கும் அடுத்த ராத்திரிக்கும் படுக்கிற உயரம் 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒரு ஓய்வு நாள். மலை உயரத்தால் வரும் நோவுக்குப் போடும் அசிட்டசோலமைடு மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் போடாதீர்கள், சல்ஃபா வகை மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

தொண்டி_நடையன்:
பயிற்சிக்கு அரிச்சல்முனை மணலில் சுமையோடு நடங்கள். கெண்டைக்கால் இறுகும்.

உச்சிப்புளியான்:
மணல் நல்லதுதான், ஆனால் மலையில் முட்டி போவது இறங்கும்போது. நம் ராமநாதபுரம் மாவட்டத்தில் ஏறி இறங்க மலை ஏது? கந்தமாதன பர்வதமே மணல் மேடுதான். நாலு மாடிக் கட்டடம் கிடைத்தால் பையில் தண்ணீர்க் கேன்களை வைத்துப் படி இறங்கிப் பழகுங்கள்.

பாம்பன்காற்று:
எல்லோருக்கும் நன்றி. ஜூன் கடைசி வாரம். காஃப்னுவில் ஏறி மூத்தில் இறங்கத் திட்டம். கைடு இல்லை, கயிறு இல்லை. பனியில் யாரும் நடந்ததில்லை. பார்த்தது ஒரே ஒரு செயற்கைக்கோள் படம், அதில் பனியே இல்லை.

உச்சிப்புளியான்:
இப்போது சொல்கிறேன், கவனமாகக் கேளுங்கள்.

திசை சரி. காஃப்னு சுமார் 2,400 மீட்டர், கணவாய் சுமார் 4,900. பச்சைப் பள்ளத்தாக்கு வழியாக மெல்ல உயரலாம். மூத்தில் ஆரம்பித்தால் எடுத்த எடுப்பிலேயே 3,700-க்கு மேல் நிற்பீர்கள்.

ஆனால் நீங்கள் கண்டுபிடித்த இடத்தில் ஏறுகிற பக்கத்தை மட்டும்தான் பார்த்திருக்கிறீர்கள். பாபா பக்கம் தெற்கு முகம், வெயில் படும். நீங்கள் இறங்குகிற பக்கம், அதாவது ‘பின்’ என்ற பள்ளத்தாக்கின் பக்கம், வடக்கு முகம். அங்கே பனி நெடுநாள் கிடக்கும், அடியில் பிளவு இருந்தாலும் தெரியாது. ஏறி முகட்டில் நின்ற பிறகுதான் அந்தப் பக்கம் கண்ணில் படும். அதற்குள் மதியமாகியிருக்கும், பனி இளகியிருக்கும், திரும்பி இறங்கும் வழியில் ஓடைத் தண்ணீரும் கூடியிருக்கும். வழக்கமான கணவாயையே விடியலுக்கு முன் கிளம்பித்தான் தாண்டுகிறார்கள்.

படத்தின் தேதியைப் பாருங்கள். செப்டம்பரில் எடுத்ததை வைத்து ஜூனுக்குத் திட்டம் போடக் கூடாது. சென்டினல்-2 என்ற ஐரோப்பியச் செயற்கைக்கோள்களின் படங்கள் சில நாட்களுக்கு ஒருமுறை இலவசமாக வருகின்றன. போன வருஷம் அதே வாரத்தில் எடுத்ததைத் தேடி, வடக்குச் சரிவு எவ்வளவு வெள்ளையாக இருக்கிறது என்று பாருங்கள்.

கைடு, கயிறு, பனி அனுபவம் மூன்றும் இல்லாத நாலு பேருக்குத் தடமில்லாத கணவாய் வேண்டாம். ஊரில் உங்களுக்காகக் காத்திருக்கிறவர்களை நினைத்துத்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

மலைத்தடம்:
இதைத்தான் நான் முதலிலேயே சொன்னேன். அப்புறம், சாட்டிலைட் போனோ அது போன்ற கருவியோ அனுமதியில்லாமல் கொண்டுபோகாதீர்கள். இந்தியாவில் அது வழக்கில் போய் முடியும்.

தேவிபட்டினம்_டீச்சர்:
தம்பி, என்ன முடிவு செய்தீர்கள்?

பாம்பன்காற்று:
வழக்கமான வழிதான். செப்டம்பருக்கு மாற்றியாச்சு, காஃப்னுவில் கைடு பேசியாச்சு. எல்லோருக்கும் ரொம்ப நன்றி.

மலைத்தடம்:
நல்லது. நீங்கள் பார்த்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை இங்கே போட்டுவிட்டுப் போங்கள். அடுத்து யாராவது அதையே கேட்டால் காட்டலாம்.

கீழக்கரை_காக்கா:
தம்பி பதில் சொல்லக் காணோமே. மருந்துக்கடைக்காரரே, நீங்கள் இருக்கிறீர்களா? அழுத்தம் பற்றி எனக்கு இன்னும் ஒரு சந்தேகம் இருக்கிறது.