பாளையங்கோட்டைப் பக்கம் புல்லாங்குழல் தனிவகுப்பு எடுப்பவர் இருக்கிறார்களா?

எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் பெருமாள்புரம். ஆறாம் வகுப்புப் படிக்கும் மகளுக்குக் கர்நாடகப் புல்லாங்குழல் கற்றுத்தர ஆசிரியர் தேடுகிறோம்.

வீடியோ பார்த்து ஊதப் பழகிவிட்டாள், சத்தம் நன்றாகவே வருகிறது. தொடக்கப் பாடமான சரளி வரிசையில்தான் சிக்கல். அது அமைந்த மாயாமாளவகௌளை ராகத்தில் வரும் சுத்த ரிஷபத்துக்கு, அதாவது தாழ்ந்த ‘ரி’ ஸ்வரத்துக்கு, துளையை முழுசாகத் திறக்கக் கூடாதே, விரலைக் கொஞ்சம் நகர்த்தினாலும் சுருதி விலகிவிடுகிறது. இதைப் பக்கத்தில் உட்கார்ந்து திருத்த ஒருவர் வேண்டும். அதனால் கூட்டமாக நடக்கும் வகுப்பு சரிப்படாது.

திருநெல்வேலி டவுன், ஜங்ஷன் என்றாலும் கூட்டிக்கொண்டு வந்துவிடுவோம். சாயங்காலம் அல்லது ஞாயிறு தோது. உங்கள் பிள்ளைகள் படித்த இடம் என்றால் மாதக் கட்டணத்தையும் சொல்லுங்களேன். அப்புறம், சின்ன விரலுக்கு எத்தனை கட்டை (சுருதி அளவு) குழல் தோதுப்படும்?