கொடைக்கானல்ல 3 மாசம் மெஸ் வேலை, இட்லி மாவுல இருந்து பஸ் வரைக்கும் எல்லாமே டவுட்டு

மதுரை மெஸ்காரன்:

வணக்கம் மக்களே. நான் மதுரை பக்கம் ஒரு யுனிவர்சிட்டி ஹாஸ்டல் மெஸ்ல 11 வருஷமா வேலை பாக்குறேன். பாத்திரம் கழுவத்தான் சேந்தேன், அப்புறம் காய்வெட்டு, இப்ப டிபன் மாஸ்டருக்கு அடுத்த ஆள் நான்தான். இந்த டிசம்பர்ல கொடைக்கானல்ல ஒரு ட்ரெய்னிங் கேம்ப் போடுறாங்களாம், 120 பசங்க, மூணு மாசம், மெஸ்ல இருந்து நாலு பேரை அனுப்புறாங்க, அதுல நானும் ஒருத்தன். மாஸ்டர் வரல, அவருக்கு முட்டி வலி. அதனால டிபன் மொத்தமும் என் தலைல.

நான் கொடைக்கானலுக்கு ரெண்டே தடவதான் போயிருக்கேன், ஒண்ணு ஸ்கூல் டூர், இன்னொண்ணு கல்யாணம் ஆன புதுசுல. ரெண்டு தடவையும் வாந்தி எடுத்துட்டே போனேன், எதையும் சரியா பாக்கல. அங்க சமைச்ச அனுபவம் சுத்தமா இல்ல. இங்க சாயங்காலம் 5 மணிக்கு மாவு ஆட்டி வச்சா காலைல 4 மணிக்கு குண்டானை விட்டு வெளிய எட்டிப் பாக்கும், அங்க அந்தக் குளிர்ல எப்படின்னு தெரியல. அரிசி பருப்பு வேகவே வேகாதுன்னு ஒருத்தன் பயமுறுத்துறான். கேஸ் சிலிண்டர் ஒறைஞ்சு போகும்னு இன்னொருத்தன். எது நிஜம் எது கதைன்னு அங்க வேலை பாத்தவங்க யாராச்சும் சொல்லுங்க.

இன்னொரு விஷயம், கேட்டா சிரிப்பீங்க. எனக்கு பொழுதுபோக்குன்னா ரேடியோதான். காலைல 4 மணிக்கு அடுப்ப பத்த வச்சிட்டு சின்ன ரேடியோவ ஜன்னல்ல வைப்பேன், அவங்க தொடங்குற நேரத்துல இருந்து கொடை பண்பலை 100.5 ஓடிட்டே இருக்கும், தேங்கா துருவுறவன்ல இருந்து வார்டன் வரைக்கும் எல்லாருக்கும் அது பழகிப்போச்சு. நேயர் விருப்பத்துக்கு போஸ்ட் கார்டு போடுறதும் உண்டு, இதுவரைக்கும் நாலு தடவ என் பேரு வந்திருக்கு. வாரத்துல ஒரு நாள் லீவு குடுப்பாங்களாம். அந்த ஊர்ல அந்த லீவுக்கு என்ன பண்ணலாம், அதிகமா செலவு வேணாம், சொல்லுங்க.

பூம்பாறை பூண்டு:

வாங்கண்ணே. நான் கொடைக்கானல்ல ஒரு ஹாஸ்டல் மெஸ்ல 14 வருஷமா இருக்கேன், சொந்த ஊரு பூம்பாறை. உங்கள பயமுறுத்துனவங்க பாதி உண்மை சொல்லிருக்காங்க, மீதிய சேத்து சொல்லிருக்காங்க.

மாவு விஷயம்தான் மொதல்ல. டிசம்பர் ஜனவரில ராத்திரி இங்க 10 டிகிரிக்கு கீழ போயிரும், சில ராத்திரி அதுக்கும் கீழ. நீங்க மதுரைல பண்ற மாதிரி சாயங்காலம் ஆட்டுனா காலைல மாவு அப்படியே கல்லு மாதிரி உக்காந்திருக்கும், ஊத்துனா இட்லி தட்டையா வந்து பசங்க அத காட்டி உங்கள கேலி பண்ணுவாங்க. நாங்க முந்துன நாள் காலைல 11 மணிக்கே ஆட்டிருவோம். ஆட்டுறப்ப மதுரைல கிரைண்டர் சூடு ஏறக்கூடாதுன்னு ஐஸ் தண்ணி ஊத்துவீங்கல்ல, இங்க அதுக்கு நேர் எதிர், கை பொறுக்குற வெதுவெதுப்பான தண்ணி. உப்ப போட்டு கையாலயே நல்லா கலக்கணும், கரண்டி வேணாம். பழைய புளிச்ச மாவு ரெண்டு கரண்டி எடுத்து வச்சிருந்து அதுல கலந்தா சீக்கிரம் கிளம்பும். அப்புறம் குண்டான மூடி, சாக்கு சுத்தி, வெந்நீர் பாய்லர் பக்கத்துல. தரையில வைக்காதீங்க, தரை குளிர் கீழ இருந்து ஏறும், பலகை போட்டு வைங்க. மொத தடவ வந்தப்ப தரையில வச்சிட்டு மூணு நாள் உப்புமா போட்டவன் நான், அதான் சொல்றேன்.

தயிரும் அதே கதைதான். இட்லி எறக்குன பானை சூடு ஆறுறதுக்குள்ள பால் பாத்திரத்த அதுக்குள்ள வச்சு மூடிருங்க, உறைஞ்சிரும்.

பூண்டு பத்தி ஒரு வார்த்தை. எங்க ஊரு மலைப்பூண்டு 2019ல புவிசார் குறியீடு வாங்குன பூண்டு, வாசனையும் காரமும் கீழ கிடைக்கிற பூண்டு மாதிரி இருக்காது. அதே அளவு போட்டீங்கன்னா ரசம் பூண்டு கஷாயம் ஆயிரும், பாதி போதும். ஞாயித்துக்கிழமை சந்தைல வாங்குங்க, கேரட் பீன்ஸ் உருளை எல்லாம் அங்கயே கிடைக்கும். முருங்கக்காய், கத்திரிக்காய், சின்ன வெங்காயம்னா கீழ இருந்துதான் வரணும், வெலை கூட இருக்கும், சாம்பார மாத்திக்கங்க. எங்க மெஸ்ல முருங்கக்காய் சாம்பார் வச்சா அன்னிக்கு திருவிழா.

ஃபிசிக்ஸ் வாத்தி:

அரிசி பருப்பு வேகாதுங்கறது கதை இல்ல, கணக்கு. கொடைக்கானல் சுமார் 2100 மீட்டர் உயரம். மேல போகப் போக காத்தழுத்தம் குறையும், அதனால தண்ணி சீக்கிரமே கொதிச்சிரும், 100க்கு பதிலா 93 டிகிரி வாக்குல. நீங்க பாக்குறப்ப தளதளன்னு கொதிக்கும், ஆனா அந்த கொதிக்கிற தண்ணிக்கே சூடு கம்மி. தீய எவ்வளவு கூட்டுனாலும் 93ஐ தாண்டாது, கேஸ்தான் வீணாகும். அதனால தொறந்த அண்டால சோறு வடிக்கிறப்ப மதுரைல ஆகுற நேரத்த மறந்துருங்க, அரிசிய முன்னாடியே ஊற வச்சிருங்க. பருப்ப வெந்நீர்ல ஊற வைங்க, புளிய பருப்பு வெந்ததுக்கு அப்புறம் ஊத்துங்க, முன்னாடியே ஊத்துனா வேகாம முறுக்கிட்டு நிக்கும்.

குக்கர் வச்சா பிரச்சன பாதி தீந்துரும், ஆனா குக்கருக்குள்ளயும் கீழ இருக்கிற சூடு வராது, மூணு நாலு டிகிரி கம்மிதான். விசில் எண்ணாதீங்க, கடிகாரத்த பாருங்க. இட்லி ஆவிக்கும் இதே கணக்கு, ரெண்டு மூணு நிமிஷம் கூட விடணும். டீத்தூளும் அப்படித்தான், உடனே எறக்குனா சாயம் வராது, கொஞ்சம் நேரம் கொதிக்க விடுங்க.

சட்னி மட்டும் போதும்:

இவ்வளவு எதுக்கு, மாவுல ஒரு சிட்டிகை ஆப்ப சோடா போட்டா முடிஞ்சது. 120 பசங்களுக்கு யாரு வந்து மோந்து பாக்கப்போறா.

பூம்பாறை பூண்டு:

தம்பி, சோடா போட்டா உப்பும், புளிக்காது. ரெண்டும் வேற வேற. புளிக்காத மாவுல சோடா போட்ட இட்லி ஆறுனா ரப்பர், இந்த ஊர்ல இட்லி தட்டுல இருந்து பந்திக்கு போறதுக்குள்ள ஆறிரும். ஒரு அவசரத்துக்கு ஒரு நாள் போட்டா பரவாயில்ல, தினம் வேணாம். பசங்க மோந்து பாக்க மாட்டாங்க, வயிறு பாக்கும்.

காட் ரோடு டிரைவர்:

நான் மெஸ் சரக்கு வண்டி ஓட்டுறேன், ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டும் வத்தலக்குண்டும் மாத்தி மாத்தி. பஸ் பத்தி நான் சொல்றேன். ஆரப்பாளையத்துல இருந்து நேர் பஸ் இருக்கு, 120 கிலோமீட்டர் கிட்ட, நாலு மணி நேரம் வச்சிக்கங்க, சீசன்ல அதுக்கும் மேல. காட் ரோடு ஏற ஆரம்பிச்சதுல இருந்துதான் உங்க வாந்தி பிரச்சன. முன் சீட்டுல உக்காந்து ரோட்ட மட்டும் பாருங்க, செல்போன தொடாதீங்க. வயித்த காலியா வச்சிக்கிட்டு வந்தா இன்னும் மோசம், ரெண்டு இட்லி சாப்புட்டு கிளம்புங்க, பரோட்டா வேணாம். டம்டம் பாறைகிட்ட வர்றப்ப ஜன்னல தொறந்து வச்சிக்கங்க. ஊத்து தாண்டி பெருமாள்மலை வந்துட்டா பாதி பேருக்கு சரியாயிரும், குளிரு மூஞ்சில அடிக்கும்.

மெஸ் வண்டில சாமானோட வர்றதா இருந்தா ஈ பாஸ் எடுத்துருங்க. ஹைகோர்ட் உத்தரவுல 2024 மே 7ல இருந்து வெளி வண்டிக்கு அது உண்டு, கவர்மென்ட் பஸ்ல வர்றவங்களுக்கு வேணாம். தண்ணி பாட்டில் பெட்டி பெட்டியா ஏத்திட்டு வந்துறாதீங்க, 5 லிட்டருக்கு கம்மியான பிளாஸ்டிக் பாட்டில் இங்க தடை, செக்போஸ்ட்ல எறக்கிருவாங்க.

எண்ணெய் டின்னு பத்தி யாரும் சொல்லல. தேங்காயெண்ணெய் இங்க வருஷத்துல பாதி நாள் கட்டியாத்தான் இருக்கும், பாமாயிலும் டின்னுக்குள்ள கட்டி தட்டிரும். அவசரத்துல கத்திய விட்டு நோண்டி டின்ன ஓட்ட பண்ணவங்கள பாத்திருக்கேன். மொத நாள் ராத்திரியே அடுப்பு பக்கம் நகத்தி வச்சிருங்க, நெருப்புக்கு மேல இல்ல, பக்கம்.

பண்ணைக்காட்டு அக்கா:

கேஸ பத்தி நான் சொல்றேன், எங்க மெஸ்ல நான்தான் அத பாத்துக்கறேன். ஒறைஞ்சு போறது உண்மைதான் தம்பி, ஆனா சிலிண்டர் முழுசா ஒறையாது. ஒரே சிலிண்டர்ல நாலு பெரிய அடுப்ப ஃபுல்லா விட்டா வெளிப்பக்கம் பனி படிஞ்சு தீ நீலத்துல இருந்து சோம்பேறி மாதிரி ஆயிரும், உள்ள கேஸ் இருக்கும் ஆனா வராது. உள்ள இருக்கிற பியூட்டேன் குளிர்ல ஆவியாக யோசிக்கும், அதான். 19 கிலோ சிலிண்டர் ரெண்டு மூணு சேத்து பைப்லைன்ல மாட்டிருங்க, ஒண்ணு மேலயே பாரம் போடாதீங்க. அதுக்கும் வரலன்னா வெதுவெதுப்பான தண்ணி நெறைச்ச டப்புல நிறுத்துங்க. கொதிக்கிற தண்ணி வேணாம். நெருப்ப காட்டுறது, பக்கத்துல கரி அடுப்பு வைக்கிறது எல்லாம் தற்கொலை, அப்படி ஒருத்தன் பண்ணப்போய் நான் கைல இருந்த கரண்டியாலயே ஒண்ணு போட்டேன்.

அப்புறம் கை. இதத்தான் யாரும் சொல்ல மாட்டாங்க ஏன்னா பாத்திரம் கழுவுறது நாங்கதான். அந்த தண்ணில நாளெல்லாம் கை வச்சா ஒரு வாரத்துல விரல் இடுக்குல வெடிச்சு புளி பட்டா உயிர் போகும். பெரிய ரப்பர் கிளவுஸ் வாங்கிட்டு வாங்க, ராத்திரி தேங்காயெண்ணெயோ வாசலினோ தடவிட்டு பழைய சாக்ஸ கைல மாட்டிட்டு தூங்குங்க, யாரும் பாத்து சிரிச்சா சிரிக்கட்டும். உங்க கூட வர்ற மூணு பேர்ல கழுவுறவங்க யாருன்னு தெரியல, அவங்களுக்கு கழுவ கொஞ்சம் வெந்நீர் எடுத்து வைங்கன்னு கேம்ப் நடத்துறவங்ககிட்ட மொத நாளே கேட்டுருங்க, அப்புறம் கேட்டா கேஸ் கணக்கு சொல்லுவாங்க.

காட்டுமாடு ஞாபகம் வச்சிக்கங்க. இங்க டவுனுக்குள்ளயே வரும், காலைல 4 மணிக்கு பனில நீங்க நடந்து போறப்ப ரோட்டோரம் பாறை மாதிரி நிக்கும், கிட்ட போனாத்தான் மூச்சு விடுறது தெரியும். டார்ச் இல்லாம நடக்காதீங்க, பாத்தா கத்தாதீங்க, ஓடாதீங்க, மெதுவா பின்னால வந்து ஏதாச்சும் சுவத்துக்கு பின்னால நில்லுங்க. வடிகஞ்சியையும் காய்கறி தோலையும் மெஸ் பின்னால கொட்டுனா அதுங்களுக்கு நீங்க பத்திரிகை வச்சு அழைக்கிற மாதிரி. மூடி போட்ட டிரம்ல போட்டு காலைலயே அனுப்பிருங்க.

பூம்பாறை பூண்டு:

லீவு பத்தி மறந்துட்டேன். ஏரிய சுத்தி நடங்க, அஞ்சு கிலோமீட்டர், காசு இல்ல. 1863ல வெட்டுன ஏரிங்க அது, இயற்கை ஏரின்னு இங்க வர்ற பாதி பேரு நெனச்சிட்டு போறாங்க. சூரிய ஆராய்ச்சி நிலையம் இருக்கு, 1901ல இருந்து சூரியன ஆராய்ச்சி பண்ணிட்டு இருக்காங்க. குறிஞ்சி ஆண்டவர் கோயில்ல இருந்து மேகம் இல்லாத நாள்ல பழனி மலை தெரியும். குறிஞ்சிப்பூ கேக்காதீங்க, கடைசியா 2018ல பூத்துச்சு, இனி 2030. பஸ் புடிச்சு பூம்பாறை வாங்க, குழந்தை வேலப்பர் கோயில் பாருங்க, எங்க வீட்டுல சாப்புட்டு போங்க. நெசமாத்தான் கூப்புடுறேன்.

ரேடியோவுக்கு நீங்க கவலையே பட வேணாம். மதுரைல கேக்குறதே இங்க இருந்து போறதுதான.

மதுரை மெஸ்காரன்:

எல்லாருக்கும் நன்றி, பதில் போட லேட்டாயிருச்சு, இங்க வந்து பத்து நாள் ஆச்சு. வாந்தி எடுக்கல, முன் சீட்டு கிடைச்சது. மொத நாள் மாவு பூண்டு அண்ணன் சொன்ன மாதிரியே 11 மணிக்கு ஆட்டுனோம், ஆனா பாய்லர் ராத்திரி அணைச்சிட்டாங்க, யாரும் எங்ககிட்ட சொல்லல, காலைல பாத்தா பாதிதான் பொங்கிருந்துச்சு. இட்லிய விட்டுட்டு அத ஊத்தப்பம் ஆக்கிட்டோம், மேல மலைப்பூண்டும் வெங்காயமும் பொடிசா நறுக்கி போட்டு. பசங்க மறுநாளும் அதே வேணும்னு கேட்டாங்க, இப்ப வாரம் ரெண்டு நாள் ஊத்தப்பம்னு போர்டுலயே எழுதிட்டாங்க. ரெண்டாவது நாள்ல இருந்து பாய்லர் சாவி என்கிட்ட.

அக்கா, கழுவுறதுக்கு வெந்நீர் கேட்டேன், ஒரு நாளைக்கு ரெண்டு அண்டா குடுக்க ஒத்துக்கிட்டாங்க. கிளவுஸ் பத்தல, ஞாயித்துக்கிழமை சந்தைல தேடணும். காட்டுமாடு ஒண்ண மூணாவது நாளே பாத்தேன், டார்ச் அடிச்சேன், அது என்ன பாத்துச்சு, நான் சுவத்துக்கு பின்னால போயி இருவது நிமிஷம் நின்னேன், டிபன் லேட்டு, யாரும் திட்டல.

ரேடியோ சத்தமா கேக்குது, மதுரைல இருக்குற கரகரப்பு இல்ல. நேத்து லீவுல போஸ்ட் ஆபீஸ் போயி கார்டு வாங்கிட்டு வந்து எழுதிட்டேன், அதுல அனுப்புனர் ஊரு கொடைக்கானல்னு எழுதுறப்ப கை கொஞ்சம் நின்னுச்சு. வர்ற புதன் லீவு, பூம்பாறை வர்றேண்ணே, எத்தன மணி பஸ்னு மட்டும் சொல்லுங்க.

பூம்பாறை பூண்டு:

காலைலயே கிளம்பிருங்க, மத்தியானம் மேல மேகம் எறங்கிரும். பஸ் டைம் ஸ்டாண்டுல கேட்டுக்கங்க, போர்டுல இருக்குறத நம்பாதீங்க. வர்றப்ப நாலு முருங்கக்காய் கிடைச்சா வாங்கிட்டு வாங்க.