பெங்களூர்ல கார் டீட்டெய்லிங் பைத்தியம் (வண்டியில ஒரு கீறல், ஒரு புள்ளி கூட விழக் கூடாதுன்னு துடைச்சுட்டே இருக்கிற ஆள்) யாரையாவது நேர்ல பாத்திருக்கீங்களா?

பெல்லந்தூர்

ஆயுத பூஜை முடிஞ்சு இத்தனை நாளாகியும் மனசை விட்டுப் போகல. எங்க பேஸ்மென்ட்ல ஒரு கறுப்பு செடான். ஓனரைப் பத்தி விளக்க வேண்டாம், உங்க அபார்ட்மென்ட்லயும் ஒருத்தர் இருப்பார். ராத்திரி டார்ச் அடிச்சு பானெட்டை மோந்து பாக்கிற ரகம். அன்னிக்கு அவங்க அம்மா சந்தனக் கிண்ணத்தோட இறங்கி வந்தாங்க. இவர் பானெட் நடுவுல மூணு விரல் அகலத்துக்கு பிபிஎஃப் (பெயின்ட்டைக் காக்க ஒட்டுற பிளாஸ்டிக் படலம்) துண்டு ஒட்டி ரெடியா வெச்சிருக்கார். "அம்மா, பொட்டு இதுக்குள்ள மட்டும்." அம்மா துண்டைப் பாத்தாங்க, பையனைப் பாத்தாங்க. அஞ்சு விரலையும் கிண்ணத்துல முக்கி, நாலு கதவுலயும் வரிசையா பட்டை இழுத்தாங்க. டயருக்கு அடியில வெச்ச எலுமிச்சம்பழம் நாலும் ஜிப்லாக் கவருக்குள்ள! சாறு அலாய் வீல்ல தெறிக்கக் கூடாதாம். வண்டி நகர்ந்ததும் பட் பட்டுனு கவர் வெடிச்சுது பாருங்க.

மல்லேஸ்வரம்

அம்மா வாழ்க. ஆனா அந்த பிபிஎஃப் ஐடியா தப்பு. சின்னத் துண்டா ஒட்டினா சுத்தி விளிம்புல அழுக்குக் கோடு கட்டிடும், கறுப்புல கண்ணை உறுத்தும். சந்தனத்துக்கு பயப்பட வேண்டியது பூசும்போது இல்ல, காய்ஞ்சதும் துடைக்கும்போதுதான். காய்ஞ்ச சந்தனத்துல தூசியும் ஒட்டியிருக்கும், தேய்ச்சா உப்புத்தாள் வேலை பண்ணும். ஈரத்துணியை அஞ்சு நிமிஷம் மேலயே போட்டு ஊற வெச்சு, தண்ணி விட்டுக் கரைக்கணும். குங்குமம் பெயின்ட்ல இருந்து போயிடும். சொரசொரப்பான கறுப்பு பிளாஸ்டிக் பம்பர்ல பட்டா சாயம் உள்ள இறங்கிடும், லேசுல விடாது. எலுமிச்சைச் சாறு வெயில்ல காயாம அன்னிக்கே கழுவிட்டா அலாய்க்கு ஒண்ணும் ஆகாது.

நான் பாத்த ஆள்? மால்ல மூணாவது பேஸ்மென்ட்ல, தூணை ஒட்டி நிறுத்திட்டு, பக்கத்துல யாரும் வராம இருக்க ஆரஞ்சு கோன் வெப்பார். கோனை டிக்கிலயே கொண்டு வர்றார்.

ஒயிட்ஃபீல்டு

2024 மார்ச்சை மறந்துட்டீங்களா? போர்வெல் வத்தி, குடிக்கிற தண்ணியில கார் கழுவினா 5,000 ரூபா அபராதம்னு குடிநீர் வாரியம் உத்தரவு போட்ட நேரம். எங்க பிளாக் ஆள் ஒருத்தர் ராத்திரி பதினோரு மணிக்கு பக்கெட்டோட நிக்கிறார். செக்ரட்டரி கையும் களவுமா பிடிச்சுட்டார். இவர் அசரல. பாக்கெட்ல இருந்து டிடிஎஸ் (தண்ணியில கரைஞ்சிருக்கிற உப்பு அளவு) மீட்டரை எடுத்து பக்கெட்ல விட்டு, "சார், 28. நம்ம குழாயில 900 காட்டும். இது குடிதண்ணியே இல்ல, ஏசி தண்ணி." மூணு வீட்டு ஏசி பைப்புக்குக் கீழ பக்கெட் வெச்சு சேத்திருக்கார். நாலாவது வீட்டு அக்காகிட்ட "கொஞ்ச நேரம் கூடுதலா ஏசி போடுங்க"ன்னு கேட்டிருக்கார்னு அப்புறம்தான் தெரிஞ்சுது.

டிடிஎஸ் கம்மியா இருந்தா வெள்ளைப் புள்ளி விழாது, அதுக்காகத்தான் இந்தப் பாடு. வீட்ல சாஃப்ட்னர் (தண்ணியோட கடினத்தைக் குறைக்கிற கருவி) இருந்தா இந்தக் கூத்தே வேண்டாம்.

பனசங்கரி

ஒயிட்ஃபீல்டு சார், கடைசி வரியில தடுமாறிட்டீங்க. சாஃப்ட்னர் கால்சியம், மெக்னீசியத்தை எடுத்துட்டு சோடியத்தை விடுது. உப்பு உப்புதான், மீட்டர் கிட்டத்தட்ட அதே 900 காட்டும். புள்ளியும் விழும். ஒரே வித்தியாசம், அந்தப் புள்ளி ஈரத்துணிக்கே கரைஞ்சு போயிடும், சுண்ணாம்பு மாதிரி கெட்டியாப் பிடிக்காது. சுண்ணாம்புப் புள்ளிக்கு வெள்ளை வினிகரும் தண்ணியும் சரிபாதி, ஒரு நிமிஷம், உடனே கழுவணும். பானெட் சூடா இருக்கும்போது வேண்டாம். அதுக்கும் போகலன்னா பெயின்ட்டையே அரிச்சிருக்கு, பாலிஷ்தான் வழி.

யாரும் கேக்கல, இருந்தாலும் சொல்றேன். தண்ணி இல்லாத ஊருக்கு ரின்ஸ்லெஸ் வாஷ்தான் சரி, அதாவது அதுக்குன்னு இருக்கிற திரவத்தைத் தண்ணியில கலந்து துடைக்கிறது, அப்புறம் அலச வேண்டாம். பத்து லிட்டருக்கு 40 மில்லி திரவம். அதிகமாப் போட்டா கூடுதலா ஒண்ணும் பளபளக்காது, கோடுகோடா திரைதான் விழும். 300-லிருந்து 400 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) மைக்ரோஃபைபர் துணி எட்டு, எல்லாத்தையும் பக்கெட்ல ஊறப் போடுங்க. நாலா மடிச்சா ஒரு துணிக்கு எட்டு முகம். ரூஃப்ல ஆரம்பிச்சு கீழ வரணும், ஒரு இழுப்பு முடிஞ்சா முகத்தை மாத்தணும். அழுக்குத் துணி திரும்ப பக்கெட்டுக்குள்ள போகவே கூடாது, மொத்த சூட்சுமமும் இதுலதான். மெட்ரோ வேலை நடக்கிற ரோட்ல போய் வந்த வண்டிக்கு முதல்ல பிரஷர் வாஷ், அப்புறம்தான் இதெல்லாம். துணியை வாஷிங் மெஷின்ல போட்டா வாசனை கண்டிஷனர் ஊத்தாதீங்க, இழை மேல பூச்சு படிஞ்சு தண்ணியே உறிஞ்சாது. தரையில விழுந்த துணி அன்னியோட டயர் துடைக்கிற ஜாதிக்கு இறங்கிடணும். காலையில அஞ்சு மணிக்கு ஒரே துணியில முப்பது கார் துடைக்கிறாரே ஒரு தம்பி, அவரைத் திட்டாதீங்க. மாசம் பணத்தைக் குடுத்து "தொடாதப்பா"ன்னு சொல்றவங்களை நான் பாத்திருக்கேன்.

கே.ஆர். புரம்

அதெல்லாம் விடுங்க, 9H செராமிக் கோட்டிங் (பெயின்ட் மேல பூசுற பாதுகாப்புப் பூச்சு) போட்டா சாவியால கீறினாலும் கீறல் விழாது. எங்க மாமா போட்டிருக்கார்.

பனசங்கரி

மாமாகிட்ட சாவியைக் குடுத்துப் பாருங்க. 9H-ங்கிறது பென்சில் கணக்கு. ரொம்பக் கெட்டியான பென்சிலுக்குத் தாங்குதுன்னுதான் அர்த்தம், வைரத்துக்குப் பக்கத்துல நிக்குதுன்னு இல்ல. பூசின ஒண்ணு ரெண்டு நிமிஷத்துல துடைச்சு எடுக்கலன்னா திட்டுத்திட்டா உறைஞ்சு, அதையும் பாலிஷ் போட்டுத்தான் கழட்டணும்.

பெல்லந்தூர்

நான் கேட்டது அனுபவம், இங்க பக்கெட் கணக்கு ஓடுது. அப்டேட்: கதவுப் பட்டை எல்லாம் போயாச்சு, மூணு மணி நேரம் பிடிச்சுது. பானெட்ல அந்த பிபிஎஃப் துண்டு மட்டும் அப்படியே இருக்கு. அதுல ஒரு பொட்டு கூட விழல.