மருந்து தெளிக்கும் விமானங்களின் விபத்துகள்: குறை விமானத்திலா, வேலையிலா?

கேள்வி
பதிவிட்டவர்: தமக்கை

வணக்கம். என் தம்பி வணிக விமானி உரிமம் பெற்றவன். இதுவரை சுமார் 400 மணிநேரம் பறந்திருக்கிறான். பயிருக்கு மருந்து தெளிக்கும் விமானங்களை இயக்கும் நிறுவனம் ஒன்றில் பயிற்சி விமானியாகச் சேரும் வாய்ப்பு இப்போது அவனுக்கு வந்திருக்கிறது. அவன் மகிழ்ச்சியில் இருக்கிறான். எனக்கோ மனம் ஒப்பவில்லை. சில வாரங்களாக இத்துறையின் விபத்து அறிக்கைகளைத் தேடித் தேடி வாசித்து வருகிறேன். 2013ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மட்டும் விவசாயப் பறத்தலோடு தொடர்புடைய 78 விபத்துகள் நிகழ்ந்ததாக அந்நாட்டின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2014இல் வெளியிட்ட சிறப்பு அறிக்கை சொல்கிறது. எண்ணிக்கையைவிட என்னை அதிகம் கலங்கச் செய்தது, அந்த விபத்துகள் ஒன்றைப் போலவே மற்றொன்று இருப்பதுதான். மின்கம்பியில் மோதியது, வயலோரத்தில் திரும்பும்போது விழுந்தது, சுமையோடு மேலெழ முடியாமல் ஓடுபாதையின் முடிவில் நொறுங்கியது என்ற மூன்றும் பழைய அறிக்கைகளிலும் இருக்கின்றன, புதிய அறிக்கைகளிலும் இருக்கின்றன.

காரணம் தெரிந்த பிறகும் அதே விபத்து ஏன் மீண்டும் நிகழ்கிறது? விமானத்தின் அமைப்பிலேயே குறை இருக்கிறதா, அல்லது வேலையே அப்படிப்பட்டதா? தம்பியைத் தடுத்து நிறுத்துவது என் நோக்கம் அன்று. எதையெல்லாம் தெரிந்துகொண்டு அவன் போக வேண்டும் என்பதை அறியவே கேட்கிறேன். இத்துறையில் இருப்பவர்கள் மறைக்காமல் சொல்ல வேண்டுகிறேன்.

பதில் 1
பதிவிட்டவர்: ஓய்வுபெற்ற தெளிப்பு விமானி

சகோதரிக்கு வணக்கம். இருபது பருவங்களுக்கு மேல் இந்த வேலையைச் செய்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். மின்கம்பியைப் பற்றி முதலில் சொல்கிறேன், ஏனெனில் வெளியில் இருப்பவர்கள் பெரும்பாலும் அதைத் தவறாகவே புரிந்துகொள்கிறார்கள். கம்பி கண்ணுக்குத் தெரியாததால்தான் விமானி மோதுகிறார் என்று நினைப்பது இயல்பு. ஆனால் ஆஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு கம்பி மோதல்களை ஆராய்ந்தபோது, மோதியவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அந்தக் கம்பி அங்கே இருப்பதை மோதுவதற்கு முன்பே அறிந்திருந்தார்கள் என்று தெரியவந்தது. தம்பியிடம் ஒன்றே ஒன்றைத்தான் சொல்ல முடியும் என்றால், இதைச் சொல்லுங்கள்.

பயிருக்கு மேலே ஏறக்குறைய மூன்று மீட்டர் உயரத்தில், மணிக்கு 220 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது ஒவ்வொரு விநாடியும் 60 மீட்டர் கடந்துபோகிறது. அந்நேரத்தில் விமானியின் கவனம் ஜிபிஎஸ் காட்டும் கோட்டின் மீதும், காற்றின் போக்கின் மீதும், தொட்டியில் மீதமிருக்கும் மருந்தின் மீதும், அடுத்து திரும்ப வேண்டிய இடத்தின் மீதும் சிதறிக் கிடக்கிறது. முதல் சுற்றில் கம்பி நினைவில் இருக்கும். பத்தாவது சுற்றிலும் இருக்கும். வயலின் நடுப்பகுதி முழுவதும் முடிந்து, விடுபட்ட ஓரங்களைக் குறுக்காகத் தெளிக்கத் திரும்பும்போது, அதுவரை பக்கவாட்டில் ஓடிக்கொண்டிருந்த கம்பி திடீரென எதிரே வந்து நிற்கிறது. எனக்கும் அப்படித்தான் நடந்தது. காலையில் தரையில் நின்று விரல் நீட்டிக் காட்டிய அதே கம்பியில், கடைசிச் சுற்றில் மோதினேன். சக்கரத் தண்டின் முன்புறம் பொருத்தியிருந்த கம்பிவெட்டி அதை அறுத்துவிட்டதால் இன்று இதை எழுதுகிறேன்.

ஆகவே நல்ல பயிற்சியாளர்கள் கற்பிக்கும் முதல் பழக்கம், தெளிக்கத் தொடங்கும் முன் உயரத்தில் பறந்து வயலை முழுமையாகச் சுற்றிப் பார்ப்பது. அப்போதும் கம்பியைத் தேடக் கூடாது. கம்பத்தைத் தேட வேண்டும். கம்பத்தின் குறுக்குச் சட்டம் எந்தப் பக்கம் நோக்கியிருக்கிறது, அதைத் தாங்கும் இழுகம்பி எந்தத் திசையில் இறங்குகிறது, வயலில் தனித்து நிற்கும் பம்புக் கொட்டகைக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பவற்றைக் கொண்டே கண்ணுக்குத் தெரியாத கம்பியை ஊகித்தறிய முடியும். தாழ்ந்த வெயில் கண்ணில் அடிக்கும் வேளையிலும், பழைய கம்பி நிறம் மங்கி மண்ணோடு கலந்துவிட்ட இடத்திலும், கண்ணை மட்டும் நம்பியவர் ஏமாந்துபோவார். சுற்றுத் தெளிப்பை முடித்து ஓரங்களுக்குப் போகும் முன் ஒருமுறை மேலெழுந்து, வயலைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு இறங்குவதை, மோதலுக்குப் பிறகு நான் ஒருநாளும் விட்டதில்லை.

இரண்டாவது, திரும்பும்போது விழுவது. வயலின் முடிவில் விமானத்தை மேலே இழுத்து, ஒரு பக்கம் சாய்ந்து விலகி, பிறகு மறுபக்கம் திரும்பி அடுத்த கோட்டுக்கு வர வேண்டும். உயரம் குறையாமல் 60 பாகை சாய்வில் திரும்பினால், இறக்கை தூக்குவிசையை இழக்கும் வேகம், அதாவது ஸ்டால் வேகம், 41 விழுக்காடு கூடுகிறது. தொட்டி நிறைந்திருக்கும்போது அது தொடக்கத்திலேயே உயர்ந்திருக்கும். அதனால் ஒவ்வொரு சுமையின் முதல் சில திருப்பங்களே மிகவும் ஆபத்தானவை. சில விநாடி மிச்சப்படுத்துவதற்காகத் திருப்பத்தை இறுக்கினால், மீள்வதற்குத் தேவையான உயரம் கீழே இருக்காது. சுமையை நொடிகளில் கொட்டிவிடும் அவசரக் கைப்பிடி இந்த விமானங்களில் உண்டு. மேலெழும்போது இன்ஜின் தடுமாறினாலும், ஓடுபாதை போதாது என்று தோன்றினாலும், தயங்காமல் அதை இழுக்க வேண்டும். மருந்தின் விலையை நினைத்துத் தயங்கியவர்களைப் பற்றி நான் கேள்விப்பட்டிருக்கிறேன்; தம்பி அந்த விலையை நினைக்காத ஒரு நிறுவனத்தில் சேர வேண்டும்.

பதில் 2
பதிவிட்டவர்: பராமரிப்புப் பொறியாளர்

மேலே எழுதிய ஐயா வேலையின் பக்கத்தைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். விமானத்தின் அமைப்பைப் பற்றிய தங்கள் கேள்விக்கு நான் விடை சொல்ல முயல்கிறேன்.

1921 ஆகஸ்ட் 3 அன்று அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில், டிராய் நகருக்கு அருகே, ஜான் மக்ரெடி என்னும் இராணுவ விமானி கட்டல்பா மரங்களைத் தின்ற கம்பளிப்புழுக்களின் மீது ஈய ஆர்சனேட் தூளைத் தூவினார். அவர் ஓட்டியது பயிற்சிக்காகக் கட்டப்பட்ட கர்ட்டிஸ் ரக விமானம். தூள் பெட்டி அதன் பக்கவாட்டில் பொருத்தப்பட்டிருந்தது. அதற்குப் பின் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் பெரும்பாலும் இதே நிலைதான் நீடித்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது உபரியாகிவிட்ட ஸ்டியர்மன் பயிற்சி விமானங்கள் மலிவாகக் கிடைத்தன. முன் இருக்கையைக் கழற்றிவிட்டு அங்கே தொட்டியை வைத்துப் பறந்தார்கள். வேறொரு வேலைக்காகப் பிறந்த விமானத்தை இந்த வேலைக்கு வளைத்ததால் நேர்ந்த உயிரிழப்புகளைக் கண்ட பிறகே, விபத்து நிகழும் என்று முன்கூட்டியே ஏற்றுக்கொண்டு விமானத்தை வடிவமைக்கும் எண்ணம் பிறந்தது.

அமெரிக்காவின் டெக்சஸ் ஏ அண்ட் எம் கல்லூரியில் ஃபிரெட் வைக் வடிவமைத்து 1950இல் பறந்த ஏஜி-1 அப்படிப்பட்ட முதல் முயற்சிகளில் ஒன்று. அதன் கொள்கைகளை இன்றைய ஏர் டிராக்டர், த்ரஷ் விமானங்கள் அனைத்திலும் காணலாம். விமானியின் இருக்கை உயரமாகவும் பின்னாலும் இருக்கும். முன்னால் இன்ஜினும் தொட்டியும் இருப்பதால், மோதும்போது பாரம் விமானியின் மீது வந்து விழாமல் அவருக்கு முன்னே நொறுங்கி அதிர்ச்சியை ஏற்கும். விமானியைச் சுற்றி எஃகுக் குழாய்களாலான வலுவான கூண்டும், தோளையும் இடுப்பையும் பிணைக்கும் வலிய வாரும் உண்டு. கண்ணாடியின் நடுவில் கம்பிவெட்டி, விமானி அறையின் உச்சியிலிருந்து வால் நுனிவரை இழுத்துக் கட்டிய எஃகுக் கயிறு ஆகியவை கம்பி வந்து வாலில் சிக்குவதைத் தடுக்கின்றன. மோதலில் உயிர் தப்புவதற்கு இவ்வளவு சிந்தித்துக் கட்டப்பட்ட சிறு விமானங்கள் மிகக் குறைவு என்பது என் உறுதியான கருத்து.

என்றாலும், தங்கள் தம்பி நேரில் காண முடியாத ஓர் ஆபத்து உலோகத்துக்குள் இருக்கிறது. ஏர் டிராக்டர் 802 விமானத்தின் தொட்டி சுமார் 3,000 லிட்டர் கொள்ளும். முழுச்சுமையோடு ஏழு டன்னுக்கு மேல் எடையோடு மேலெழும் அந்த விமானம், சிறிது நேரத்தில் மூன்று டன் குறைந்து தரையிறங்கும். இதையே ஒரு நாளில் பலமுறை செய்யும். ஒவ்வொரு மேலிழுப்பிலும் இறக்கையின் வேர்ப்பகுதி வளைந்து நிமிர்கிறது. அதோடு உரமும் மருந்தும் சேர்ந்து உலோகத்தை அரிக்கின்றன. 2013 அக்டோபர் 24 அன்று ஆஸ்திரேலியாவின் உல்லடல்லா அருகே, காட்டுத்தீயை அணைக்கப் பறந்த டிரோமேடர் எம்-18 என்னும் விவசாய ரக விமானத்தின் இடது இறக்கை வானிலேயே பிரிந்துபோய், விமானி உயிரிழந்தார். இறக்கையை உடலோடு இணைக்கும் காதுப்பகுதியில், அரிப்பினால் உண்டான நுண்குழியிலிருந்து தொடங்கிய விரிசல் வளர்ந்து முறிந்ததே காரணம். உற்பத்தியாளர் கேட்ட, உலோகத்தின் நுண்விரிசலைக் காட்டும் காந்தத் துகள் சோதனைக்குப் பதிலாக வேறொரு சோதனை செய்யப்பட்டிருந்தது என்பதை விசாரணை காட்டியது. ஏர் டிராக்டர் விமானங்கள் சிலவற்றுக்கும், இறக்கையின் ஸ்பார் எனப்படும் முதன்மைத் தண்டின் கீழ்ப்பட்டையை இத்தனை மணிநேரத்துக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும் என்ற கட்டாய ஆணைகள் இருக்கின்றன. ஒரு நிறுவனத்தின் தரத்தை அறிய விரும்பினால், மாலையில் அங்கே சென்று விமானத்தின் பக்கத் தகடுகளைக் கழற்றி உட்புறக் குழாய்களைக் கழுவுகிறார்களா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

தமக்கை:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ஏதோ மர்மமாக இருந்த ஒன்று இப்போது கூறு கூறாகப் புரிகிறது. ஒரு கேள்வி எஞ்சியிருக்கிறது. மருந்தின் நச்சே விமானியைத் தடுமாறச் செய்யும் என்று ஒரு பழைய அறிக்கையில் வாசித்தேன். அது இன்றும் பொருந்துமா?

பதில் 3
பதிவிட்டவர்: விமானப் பணியாளர் மருத்துவர்

பொருந்தும், ஆனால் முன்பைவிடக் குறைந்த அளவில். பாரத்தியான் போன்ற ஆர்கனோபாஸ்பேட் மருந்துகள் நரம்புகளின் செயலுக்குத் தேவையான கோலினெஸ்டரேஸ் என்னும் நொதியை முடக்குகின்றன. கண்மணி சுருங்கும், பார்வை மங்கும், தலைவலியும் குமட்டலும் வரும். முடிவெடுக்கும் வேகமும் குறையும். மூன்று மீட்டர் உயரத்தில் பறப்பவருக்கு இலேசான பார்வை மங்கலே போதும். பாதிப்பு சிறிது சிறிதாகச் சேர்வது என்பதால், பருவம் தொடங்கும் முன் இரத்தத்தில் அந்த நொதியின் அளவை அளந்து குறித்துக்கொண்டு, பருவத்தின் நடுவில் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். மூடிய, வடிகட்டிய காற்று வரும் விமானி அறைகளும், விமானியைத் தவிர வேறு ஆட்கள் மருந்தை நிரப்பும் வழக்கமும் இந்த ஆபத்தை வெகுவாகக் குறைத்திருக்கின்றன.

எனக்கு அதைவிடப் பெரிய கவலை சோர்வு. காற்று அடங்கியிருக்கும் விடியற்காலையில் தொடங்கி, பூச்சித் தாக்குதல் உச்சத்தில் இருக்கும் வாரங்களில் இருட்டும்வரை பறக்கிறார்கள். தாங்கள் குறிப்பிட்ட 2014ஆம் ஆண்டு அறிக்கை கவலை தெரிவித்த விஷயங்களில் விமானியின் சோர்வும் ஒன்று. கம்பியை அறிந்திருந்தும் மறந்துபோவதாக முதல் பதிலில் சொல்லப்பட்டதை, நான் தூக்கக் குறைவோடு சேர்த்தே பார்க்கிறேன்.

பதில் 4
பதிவிட்டவர்: ஓய்வுபெற்ற தெளிப்பு விமானி

மருத்துவர் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். முன்பு விடுபட்ட ஒன்றைச் சேர்க்கிறேன். மின்கம்பமாவது அதே இடத்தில் நிற்கும். காற்றின் வேகத்தை அளக்க நிறுத்தும் மெல்லிய கோபுரங்கள் ஒரே நாளில் முளைத்துவிடும். 2011 ஜனவரியில் கலிபோர்னியாவின் டெல்டா பகுதித் தீவு ஒன்றில், நிறம் பூசாத, விளக்கில்லாத அத்தகைய கோபுரத்தில் மோதி ஒரு தெளிப்பு விமானி உயிரிழந்தார். 200 அடிக்குக் குறைவான கோபுரங்களுக்கு அடையாளம் இடும் கட்டாயம் அப்போது அங்கே இல்லை. 2016இல்தான், 50 அடி முதல் 200 அடி வரையிலான கோபுரங்களுக்கு அடையாளமிட விதி வகுக்குமாறு அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. ஆகவே போன வாரம் தெளித்த வயலாக இருந்தாலும், இன்று அதைப் புதிய வயலாகவே எண்ணிச் சுற்றிப் பார்க்க வேண்டும்.

சேரும் முன் தம்பி அந்த நிறுவனத்திடம் சிலவற்றைக் கேட்க வேண்டும். முதல் பருவத்தில் வெறும் தண்ணீரோடு, பாதிச் சுமையோடு எத்தனை மணிநேரம் பழக விடுவார்கள்? ஊதியம் பறந்த பரப்பளவுக்கா, மாதத்துக்கா? பரப்பளவுக்கு என்றால் இறுக்கமான திருப்பங்களுக்கு அதுவே தூண்டுதலாகிவிடும். தலைக்கவசமும் தீ தாங்கும் உடையும் யார் தருவார்கள்? காற்று சரியில்லை, உறக்கம் போதவில்லை என்று ஒரு விமானி கடைசியாக எப்போது விமானத்தை எடுக்க மறுத்தார், அதற்குப் பின் அவருக்கு என்ன நேர்ந்தது? இந்தக் கடைசிக் கேள்வியை முதலாளியிடம் கேட்பதோடு நிறுத்தாமல், அங்கே மருந்து நிரப்பும் ஆட்களிடமும் தனியாகக் கேட்கச் சொல்லுங்கள்.

தமக்கை:

ஐயா, தங்கள் கேள்விகளைத் தம்பியிடம் வாசித்துக் காட்டினேன். தண்ணீரோடு எத்தனை மணிநேரம் என்பதை அவன் கேட்டிருக்கவே இல்லை. வேலைக்கு ஒப்புதல் தெரிவிக்கும் முன், இரண்டு நாள் அங்கே தங்கி, மாலையில் விமானத்தைக் கழுவும் ஆட்களோடு நின்று பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறான். அவன் திரும்பி வந்ததும் கண்டதை இங்கே எழுதுகிறேன்.