தாழ்த்திய எம்எக்ஸ்-5: ஷாக் அப்சார்பரா, காயில்ஓவரா?

என்னிடம் இருப்பது மாஸ்டா எம்எக்ஸ்-5, 2001 மாடல், 1.8 லிட்டர் எஞ்சின். முந்தைய உரிமையாளர் ஸ்பிரிங்குகளை மட்டும் மாற்றி, காரை ஏறத்தாழ 35 மி.மீ. தாழ்த்தியிருக்கிறார்; ஷாக் அப்சார்பர்கள் காருடன் வந்தவையே. வாங்கியதிலிருந்தே, வளைவில் திரும்பும்போது சிறு மேடு குறுக்கிட்டால்கூடப் பின்பக்கம் ‘டொக்’கென்று இடித்து, சக்கரம் ஒரு கணம் பிடிப்பை இழந்து பக்கவாட்டில் நழுவுகிறது. நேர்ச்சாலையில் இந்தத் தொல்லை குறைவு.

வீல் அலைன்மென்ட் செய்தாயிற்று. டயர் காற்றழுத்தமும் சரியாக இருக்கிறது. சஸ்பென்ஷன் மூட்டுகளிலுள்ள ரப்பர் புஷ்களில் ஆட்டமோ ஷாக்குகளில் எண்ணெய்க் கசிவோ இல்லை. பின்பக்க ஷாக்கைக் கழற்றியபோது, பம்ப் ஸ்டாப் (சஸ்பென்ஷன் முழுக்க அமுங்கும்போது இடியைத் தாங்கும் மெத்தைத் துண்டு) கைபட்டதும் தூளாக உதிர்ந்தது. புதியதைப் போட்ட பிறகு சத்தம் மழுங்கியதே தவிர, நழுவல் அப்படியே இருக்கிறது. இந்த மாடலில் பின்பக்க சஸ்பென்ஷன் அமுங்குவதற்கான இடம் இயல்பிலேயே குறைவு என்பதால், தாழ்த்தியதில் அதிலும் பெரும்பகுதி போய், கார் பம்ப் ஸ்டாப்பின் மேலேயே ஓடுகிறது என்று கருதுகிறேன்.

உயரத்தைச் சற்றுக் கூட்டி, 25 மி.மீ. மட்டும் தாழ்த்தும் ஸ்பிரிங்குகளுடன் கோனி ஸ்போர்ட் ஷாக்குகளைப் போடுவது ஒரு வழி. ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே தொகுப்பாக வந்து, ஷாக்கின் உடல் நீளத்தைத் தனியே மாற்றக்கூடிய காயில்ஓவர் மற்றொன்று; ஆனால் மலிவானவற்றில் ஸ்பிரிங்கின் விறைப்புக்கு ஈடாக டேம்பிங் (ஸ்பிரிங்கின் துள்ளலை ஷாக் அடக்கும் திறன்) இருப்பதில்லை என்பதே என் தயக்கம்.

பந்தயத் தடத்துக்குப் போகாமல் தினசரி ஓட்டத்துக்கு மட்டுமே பயன்படும் இந்தக் காருக்கு, இவ்விரண்டில் எது பின்பக்க நழுவலை உண்மையில் நிறுத்தும்?