புதுப்பிப்பு: போலந்தின் தாத்தார் கிராமம் குருஷினியானி

போன பதிவில் போட்ட பச்சை மரப் பள்ளிவாசல் படத்தைப் பார்த்துவிட்டு, இது எங்கே, போலந்தில் முஸ்லிம் கிராமம் எப்படி வந்தது என்று பலர் கேட்டிருந்தீர்கள். ஊர் பெயர் குருஷினியானி; போலந்தின் வடகிழக்கு மூலையில், பெலாரஸ் எல்லையை ஒட்டி இருக்கிறது. பக்கத்துப் பெரிய நகரம் பியாவிஸ்டோக்.

தன் படையில் சண்டை போட்ட தாத்தார் (துருக்கிய வழி முஸ்லிம் இனத்தவர்) குதிரை வீரர்களுக்குச் சம்பள பாக்கி வைத்திருந்த மன்னர் மூன்றாம் யான் சோபியெஸ்கி, காசுக்குப் பதிலாக 1679-இல் இங்கே நிலத்தைக் கொடுத்துக் கணக்கைத் தீர்த்தார் (நல்ல ஆள்!). அப்புறம் தலைமுறைகள் ஓட, அவர்கள் மொழி போய்விட்டது, மதம் நிலைத்துவிட்டது.

பள்ளிவாசல் 18-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. முகப்பில் இரட்டைக் கோபுரம். உச்சியிலுள்ள பிறையை மறைத்துவிட்டால் அந்த வட்டாரத்து மரத் தேவாலயம் என்றே நினைப்பீர்கள். அருகே மரங்கள் அடர்ந்த மேட்டில் பழைய மையவாடி, கல்லறை எழுத்துகளில் அரபியோடு போலிஷும் ரஷ்யனும் கலந்து கிடக்கும். இன்று ஊரில் தாத்தார் குடும்பங்கள் சொற்பம்தான்.